வைஃபையில் தொடங்கிய பேச்சு வாசலில் அறுந்து போகாமல் இருக்க...

முதல்வரின் உதவி மையத்துக்கு, அதாவது 1100-க்கு, போன் செய்கிறீர்கள். மனு எண்ணைச் சொல்லிவிட்டீர்கள். "ஒரு நிமிடம், லைனில் இருங்கள்" என்கிறார்கள். குரல் விட்டு விட்டு வருகிறதே என்று எழுந்து வாசலுக்கு நடக்கிறீர்கள். படியிறங்கும்போது கால் கட்! திரும்பவும் முதலில் இருந்து, அதே மனு எண், அதே விளக்கம்.

பல வீடுகளில் இதற்குத் தீர்வு போனுக்குள்ளேயே இருக்கிறது. அதன் பெயர் வைஃபை காலிங். ஒரு முறை சரியாக அமைத்துவிட்டால், வீட்டுக்குள் வைஃபையிலும், வெளியே மொபைல் நெட்வொர்க்கிலும், ஒரே அழைப்பு அறுபடாமல் தொடரும். எப்படி என்று பார்ப்போமா?

வைஃபை காலிங் என்றால் என்ன?

வாட்ஸ்அப் கால் வேறு, இது வேறு. வைஃபை காலிங்கில் நீங்கள் பேசுவது உங்கள் சொந்த சிம் எண்ணில் இருந்துதான். எதிரில் இருப்பவரிடம் சாதா பட்டன் போன் இருந்தாலும், லேண்ட்லைன் இருந்தாலும் பேசலாம். தனி ஆப் வேண்டாம். டவர் வழியாகப் போக வேண்டிய குரல், உங்கள் வீட்டு வைஃபை வழியாக நிறுவனத்துக்குப் போகிறது, அவ்வளவுதான்.

இந்தியாவில் ஏர்டெல் 2019 டிசம்பரிலும், ஜியோ 2020 ஜனவரியிலும் இந்தச் சேவையைத் தொடங்கின. இதற்கென்று தனிக் கட்டணம் இல்லை. உங்கள் வழக்கமான பிளானில்தான் அழைப்பு போகும். செலவாகும் டேட்டாவும் குறைவு, நிமிடத்துக்குச் சுமார் 1 எம்பி.

அழைப்பு எப்படிக் கைமாறுகிறது?

மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதிலிருந்து உங்கள் குழாய்க்கு இரண்டு பைப் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பைப்பை மூடும் முன்பே மற்றதைத் திறந்துவிட்டால், குழாயில் தண்ணீர் நிற்காது. இங்கேயும் அப்படித்தான். உங்கள் அழைப்பைப் பிடித்து வைத்திருப்பது நிறுவனத்தின் மைய அமைப்பு. வைஃபை ஒரு பாதை, 4ஜி டவர் இன்னொரு பாதை. வைஃபை பலவீனமாகும்போது போன் 4ஜி பாதைக்கு மாறிக்கொள்கிறது. அழைப்பு அதே அழைப்புதான்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரியும்.

ஒன்று: இரண்டாவது பாதை 4ஜி அல்லது 5ஜி ஆக இருக்க வேண்டும், சிம்மில் வோல்டிஇ வசதி ஆன் செய்திருக்க வேண்டும். வாசலில் 2ஜி மட்டும்தான் கிடைக்கிறது என்றால், பெரும்பாலும் அழைப்பு கட் ஆகிவிடும்.

இரண்டு: மாறுவதற்குப் போனுக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். நடந்து போகும்போது வைஃபை மெல்ல மெல்லக் குறைவதால் அந்த நேரம் கிடைக்கிறது. கரண்ட் போய் ரூட்டர் பட்டென்று அணைந்தால் கிடைப்பதில்லை. மின்தடையின்போது அழைப்புகள் அறுபடுவது இதனால்தான். ரூட்டரை இன்வெர்ட்டர் லைனில் இணைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும்.

எப்படி ஆன் செய்வது?

- ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய், நெட்வொர்க் அல்லது சிம் பகுதியைத் திறந்தால் வைஃபை காலிங் என்று இருக்கும். சாம்சங் போனில் டயலரின் செட்டிங்ஸிலும் இருக்கும். சட்டென்று கிடைக்காவிட்டால், செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் வைஃபை காலிங் என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள்.
- ஐபோனில் செட்டிங்ஸில் மொபைல் சர்வீஸ் பகுதிக்குள் வைஃபை காலிங் இருக்கும்.
- இரண்டு சிம் உள்ள போனா? ஒவ்வொரு சிம்முக்கும் தனித்தனியாக ஆன் செய்யுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.
- அந்த இடத்திலேயே வோல்டிஇ ஆன் ஆகி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆப்ஷனே காணவில்லை என்றால், போனின் சாஃப்ட்வேரை அப்டேட் செய்யுங்கள். அப்போதும் வரவில்லையா? உங்கள் போன் மாடலுக்கு இந்த வசதி உண்டா என்று சிம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் கேளுங்கள்.

ஐந்து நிமிட சோதனை

1. போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். பிறகு வைஃபையை மட்டும் ஆன் செய்யுங்கள்.
2. அரை நிமிடம் பொறுத்து, வீட்டில் ஒருவருக்கு போன் செய்யுங்கள். ரிங் போனால் வைஃபை காலிங் வேலை செய்கிறது.
3. ஏரோப்ளேன் மோடை எடுத்துவிட்டு, வீட்டுக்குள் இருந்து மறுபடி பேசத் தொடங்குங்கள். பேசிக்கொண்டே மெதுவாகத் தெருமுனை வரை நடங்கள். பேச்சு தொடர்ந்தால் எல்லாம் சரி.

நடுவில் வைஃபை பட்டனைக் கையால் அணைக்காதீர்கள். மாறுகிற வேலையைப் போனிடமே விட்டுவிடுங்கள்.

வாசலில் மட்டும் குரல் உடைகிறதா?

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, அந்த நிலைமை இது. வைஃபை மிகவும் பலவீனமான பிறகும் போன் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறது. சில போன்களில் வைஃபை காலிங் பக்கத்திலேயே எதற்கு முன்னுரிமை என்று கேட்கும். வெளியில் டவர் நன்றாக இருந்தால் மொபைல் நெட்வொர்க்குக்கு முன்னுரிமை கொடுங்கள். ரூட்டரை ஒரு மூலையில், பீரோவுக்குப் பின்னால் வைக்காமல் வீட்டின் நடுப்பகுதியில், உயரமாக வையுங்கள். முக்கியமான அழைப்பைப் பேசிக்கொண்டே வெளியே போகப் போகிறீர்கள் என்றால், எண்ணை அழுத்தும் முன்பே வைஃபையை அணைத்துவிடுவது நல்லது.

ரயில் நிலையம் போன்ற பொது இடங்களில், வைஃபை இணைந்ததுபோல் காட்டினாலும், ஓடிபி கொடுத்து உள்ளே நுழையும்வரை கால் போகாது. சில அலுவலக வைஃபைகளில் இந்த வசதியைத் தடுத்தும் வைத்திருப்பார்கள்.

அவசர அழைப்பில் கவனம்

108, 112 போன்ற அவசர எண்களை அழைக்கும்போது, டவர் கிடைத்தால் போன் பொதுவாக அதையே பயன்படுத்தும். டவர் இல்லாமல் வைஃபையில் போகிற அழைப்பில், நீங்கள் இருக்கும் இடம் மறுமுனைக்குத் துல்லியமாகத் தெரியாமல் போகலாம். எனவே என்ன நடந்தது என்பதற்கு முன்பு, எங்கே இருக்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள்: ஊர், தெரு, கதவு எண், பக்கத்தில் உள்ள அடையாளம். பெரியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இந்த நான்கையும் பெரிய எழுத்தில் எழுதி, போன் சார்ஜ் போடும் இடத்தில் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் சொந்த வீட்டு முகவரியே வாயில் வராது.

இன்னொரு எச்சரிக்கை. "வைஃபை காலிங் ஆன் செய்து தருகிறோம், ஓடிபி சொல்லுங்கள்" என்றோ, "இந்த ஆப்பை இறக்குங்கள்" என்றோ யாராவது அழைத்தால் உடனே போனை வையுங்கள். இந்த வசதிக்கு ஓடிபியும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

இன்று இரவு உங்கள் போனில் மட்டுமல்ல, அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி போனிலும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். டவர் எட்டாத உள் அறையில் பெரும்பாலும் படுத்திருப்பது அவர்கள்தானே!