பெருந்தொற்றுக் காய்ச்சல் வருமுன்

1918-இல் இன்புளுவென்சா (ஃபுளூ) மலாயாத் தோட்டங்களில் புகுந்து தமிழ்த் தொழிலாளர் பலரைக் கொண்டுபோனது. அன்று தடுப்பூசி இல்லை. 2009-இல் எச்1என்1 ஃபுளூ பரவியபோது மருந்து இருந்தது, சில மாதங்களில் தடுப்பூசியும் வந்தது. பெருந்தொற்றில் வருவது உடலுக்குப் பழக்கமில்லாத புது வைரஸ் என்பதால் ஊரே ஒரே நேரத்தில் படுத்துவிடும். கிளினிக்கில் கூட்டம் நெரியும். ஆகவே இப்போதே தயாராகுங்கள்.

ஃபுளூ ஊசியை ஆண்டுதோறும் போடுங்கள். புது வைரஸை அது தடுக்காமல் போகலாம். ஆனால் வழக்கமான ஃபுளூவிலிருந்து காக்க உதவும். முதியோர், கர்ப்பிணிகள், ஆஸ்துமா, நீரிழிவு உள்ளவர்கள் தள்ளிப்போடவே கூடாது.

நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரைகள் இரண்டு வாரத்துக்குக் கையிருப்பில் இருக்கட்டும். தெர்மாமீட்டர், முகக்கவரி, சோப்பு, பாரசிட்டமால் வேண்டும்.

நம் ஊரான குளுவாங்கில் காய்ச்சல் என்றால் டெங்கியையும் நினைக்க வேண்டும். இருமல், தொண்டைவலி இருந்தால் ஃபுளூவாக இருக்கலாம். உறுதிசெய்யப் பரிசோதனை தேவை. அதுவரை ஆஸ்பிரின், ஐபுபுரோபென் தொடாதீர்கள், பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் எப்போதுமே வேண்டாம். ஃபுளூ மருந்து, அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். எளிதில் பாதிக்கப்படுவோர் முதல் நாளே மருத்துவரைப் பாருங்கள்.

மூச்சுத்திணறல், நீலம் பாய்ந்த உதடு, குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைவது: உடனே 999 அழையுங்கள், அல்லது என்சே பெசார் ஹாஜ்ஜா கால்சோம் மருத்துவமனைக்குப் போங்கள்.

பிள்ளைகள் சிங்கப்பூரில் வேலைசெய்ய, அம்மா அப்பா மட்டும் இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். பக்கத்து வீட்டாரிடம் இன்றே பேசி, காய்ச்சல் வந்தால் யார் சாப்பாடும் மருந்தும் வாசலில் வைப்பது என்று முடிவுசெய்யுங்கள்.