பழைய விலைவாசி நூல் வாங்கப் போகிறீர்களா?

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் பா. கிருஷ்ணமூர்த்தி - டோரதி தம்பதியர் உருவாக்கிய ஞானாலயா நூலகம், தமிழ் முதற்பதிப்புகளுக்குப் பெயர்பெற்றது. அசல் பதிப்பு எப்படி இருக்கும் என்று அங்கே பார்த்துப் பழகிக்கொண்டு, பிறகு பழைய புத்தகக் கடைக்குப் போங்கள்.

● முன்னுரைத் தேதியை மட்டும் நம்பாதீர்கள். மறுபதிப்பிலும் அது அப்படியே இருக்கும். தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள்.

● விலை அணாவில் இருந்தால், நூல் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. 'ந.பை.' (நயா பைசா) என்றிருந்தால் ஏறக்குறைய 1957 - 1964.

● பதிப்பக முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால், 1972-க்குப் பிறகு அச்சானது.

● தலைப்பு மாறியிருக்கலாம். ரூபாயின் மதிப்பை ஆராயும் அம்பேத்கரின் 'தி பிராப்ளம் ஆஃப் தி ருபீ' 1923-இல் லண்டனில் வெளியானது. 1947 பதிப்புக்குப் பெயர் வேறு.

● விலைச்சீட்டு, ரப்பர் முத்திரை எதையும் சுரண்டாதீர்கள். அன்றைய விலையே விலைவாசிக்குச் சான்று.

● கிழிசலுக்கு செல்லோடேப் வேண்டாம். பசை பழுத்துக் காகிதத்தைக் கறையாக்கும். புது பைண்டிங்கும் வேண்டாம். ஓரம் வெட்டினால் மதிப்பு போய்விடும்.

● அலமாரியைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். வசம்பைத் துணியில் முடிந்து மூலையில் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் நூல்களை நிழலில் காற்றாட வையுங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம்.

● வாங்கிய தேதி, விலை, கடை விவரங்களைத் தனி நோட்டில் எழுதுங்கள். புத்தகத்தில் பேனா படவே கூடாது.