கறுப்பு எழுத்தும் நான்கு மைகளும்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே கடலோரத்தில் அமைந்துள்ள விழிஞ்ஞம், 2025 மே 2-ஆம் நாள் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்ட ஆழ்கடல் துறைமுகத்தால் இன்று பரவலாக அறியப்படுகிறது. எனினும் அது நெடுங்காலமாகவே மீனவர் ஊராகும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையம் ஒன்றும் அங்கு உண்டு. இத்தகைய கரையோர ஊர்களில் அச்சிட்ட தாள் ஒன்று ஆற்றக்கூடிய பணி சிறிதன்று. கேரள அரசு 2015-ஆம் ஆண்டில் 14 வகை கடல் உயிரினங்களுக்கும், 2017-ஆம் ஆண்டில் மேலும் 44 வகைகளுக்கும் பிடிக்கத்தக்க குறைந்தபட்ச அளவை வரையறுத்தது. சாளைக்கு 10 சென்டிமீட்டர், அயிலைக்கு 14 சென்டிமீட்டர் என்பன போன்ற அளவுகள் அவை. ஐம்பத்தெட்டு வரிகளை ஒரே துண்டுத்தாளில் அடக்க வேண்டுமாயின் எழுத்து எட்டுப் புள்ளி அளவுக்குச் சுருங்கிவிடும். அதில் 3 என்பது 8 எனத் தோன்றுமளவுக்கு எழுத்து கலங்கியிருந்தால், அத்தாள் ஊருக்குப் பயன்படாது.

எழுத்து கலங்கும்போது பழி பெரும்பாலும் அச்சகத்தின் மீதே சுமத்தப்படுகிறது. ஆனால் அச்சுக்கு அனுப்பப்பட்ட பி.டி.எஃப். கோப்பிலேயே குறை இருப்பது இன்று மிகச் சாதாரணமாகிவிட்டது. கணினித் திரையில் அக்குறை கண்ணுக்குப் புலப்படுவதில்லை என்பதே இதிலுள்ள இடர்.

இரண்டு கறுப்புகள்

திரை ஒளியால் இயங்குவது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளும் இல்லாத நிலையே அங்குக் கறுப்பு. அச்சு மையால் இயங்குவது. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளுக்கும் தனித்தனித் தகடுகள் உண்டு. சொற்செயலியில் தட்டச்சிட்ட கறுப்பு எழுத்து பல வேளைகளில் ஒளிக் கறுப்பாகவே கோப்பினுள் தங்கிவிடுகிறது. அதனை மைகளாக மாற்றும்போது, மாற்றும் மென்பொருள் ஆழ்ந்த கறுப்பைப் பெறும் நோக்குடன் நான்கு மைகளையும் கலந்துவிடும். அமெரிக்கச் சுருள்தாள் அச்சு முறைக்கென வகுக்கப்பட்டுப் பரவலாக வழங்கிவரும் ஒரு வண்ண அமைவில், ஒளிக் கறுப்பு சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 விழுக்காடாக மாறுகிறது. மொத்தம் 300 விழுக்காடு மை. செய்தித்தாள் அச்சுக்கான பன்னாட்டுத் தரம் அனுமதிக்கும் மேல்வரம்போ இதனினும் குறைவே.

மை மிகுதியால் தாள் நனைவதும், காயத் தாமதமாவதும், அடுத்த தாளின் முதுகில் கறை படிவதும் ஒருபுறமிருக்க, பெருந்தீங்கு எழுத்துக்கே நேர்கிறது. எட்டுப் புள்ளி என்பது ஏறத்தாழ 2.8 மில்லிமீட்டர். அவ்வளவில் எழுத்தின் கோடு கால் மில்லிமீட்டர் தடிப்பு இருந்தாலே மிகுதி. நான்கு தகடுகளும் ஒன்றன்மேல் ஒன்று இம்மியும் பிசகாது படிதலை அச்சுத் தொழிலில் ரிஜிஸ்டர் என்பர். ஓடும் பொறியில் மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு விலகுவது இயல்பு. படத்தில் அது தெரியாது. எழுத்திலோ கோட்டின் பாதித் தடிப்பே இடம் பெயர்ந்து, ஓரங்களில் செந்நிறமும் நீலமும் நிழலாடும்.

மற்றொன்றும் உண்டு. முழு அடர்த்தியில்லாத மை புள்ளிகளாகவே தாளில் விழும். அங்குலத்திற்கு நூறு கோடு என்னும் வலையில் புள்ளிக்குப் புள்ளி இடைவெளி ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். அதாவது எழுத்தின் கோட்டளவே. ஆகவே விளிம்பு நேராக அமையாது. கறுப்பு மை மட்டும் நூறு விழுக்காடாக இருப்பின் வலையே தேவையில்லை. எழுத்தின் உருவம் அப்படியே தகட்டில் பதியும்.

நம் எழுத்துகளுக்கு இது கூடுதல் இன்னல். தமிழில் ஒரு புள்ளி அடைபட்டால் மெய் உயிர்மெய்யாகிவிடும். மலையாளத்திலோ 1971-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தட்டச்சுப்பொறிக்காக ஒதுக்கிய கூட்டெழுத்துகளைக் கணினி மீண்டும் கொணர்ந்துள்ளது. ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய அவ்வெழுத்துகளின் உட்கண்கள் மிக நுண்ணியவை. எழுத்துருவை வரைந்தவரின் உழைப்பை ஒரு தவறான வண்ண அமைவு அழித்துவிடும்.

திருவனந்தபுரத்தின் பட்டறிவு

திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட 'ஜனயுகம்' நாளிதழ் 2019-ஆம் ஆண்டில் தன் பக்க அமைப்புப் பணியைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. ஒருங்குறி எழுத்துருக்களும் ஸ்கிரைபஸ் என்னும் பக்க அமைப்பு மென்பொருளும் அதில் இடம்பெற்றன. இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் திறன் ஸ்கிரைபஸுக்கு 2017-ஆம் ஆண்டின் பதிப்பு வழியே வந்தமையே இம்மாற்றத்திற்கு வழி திறந்தது எனலாம். உரிமக் கட்டணம் இல்லாத இம்மென்பொருள் சிற்றூர்ச் சங்கங்களுக்கும் சிறு பதிப்பகங்களுக்கும் எட்டக்கூடியது. ஆகவே அதனை வைத்தே செயல்முறையைக் காண்போம்.

வண்ணப் பட்டியலில் 'பிளாக்' எனும் பெயரில் உள்ளது கறுப்பு மை நூறு, ஏனைய மூன்றும் பூச்சியம். உடல் எழுத்துக்கு உரியது இதுவே. அதே பட்டியலில் 'ரெஜிஸ்ட்ரேஷன்' என ஒன்று உண்டு. திரையில் அதுவும் கறுப்பாகவே காணும். ஆயினும் நான்கு தகடுகளிலும் நூறு விழுக்காடு பதியும். வெட்டுக்குறிகளுக்காக ஏற்பட்ட அதனை எழுத்துக்கு இடுவது பெருந்தவறாகும். வெளியிலிருந்து கொணர்ந்த உரையும் வரைபடமும் ஒளிக் கறுப்புடன் வந்திருக்கக்கூடும். அவற்றைப் 'பிளாக்' ஆக மாற்றிக்கொள்ள வேண்டும்.

பி.டி.எஃப். ஆக்கும்போது, வெளியீடு எதற்காக என்னும் இடத்தில் திரைக்கு என்பதே முன்னரே தெரிவாகி நிற்கும். அதனை அப்படியே விட்டால், கவனமாக இட்ட கறுப்பும் ஒளிக் கறுப்பாக மாறிவிடும். அச்சுக்கு என்பதைத் தெரிந்தெடுத்தல் இன்றியமையாதது. வண்ண மேலாண்மையை இயக்கி அச்சகம் கூறும் அமைவை இணைத்தால், 2001-இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட பி.டி.எஃப். எக்ஸ்-1ஏ வடிவிலும் கோப்பைப் பெறலாம். அதில் ஒளி வண்ணங்களுக்கு இடமே இல்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை: முன்னரே நான்கு மையாக உள்ள கோப்பை வேறோர் அமைவுக்கு மறுபடி மாற்றினால், தூய கறுப்பும் நான்காகச் சிதறக்கூடும். மாற்றம் ஒருமுறைக்கு மேல் நிகழாதிருப்பதே நன்று.

வண்ணப் பின்னணியின் மீது கறுப்பு எழுத்து வரும் இடங்களில், பின்னணியை வெட்டாமல் அதன் மேலேயே எழுத்தைப் பதிக்குமாறு 'ஓவர்பிரிண்ட்' இட வேண்டும். வெட்டினால், சிறு விலகலிலும் வெள்ளைக் கீற்று தெரியும். வெள்ளை எழுத்துக்கு இதனை மறந்தும் இடலாகாது. வெள்ளை என்பது மையற்ற இடமாதலால் எழுத்தே மறைந்துபோம்.

கோப்பைச் சோதிக்கவும் செலவில்லா வழி உண்டு. கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் கட்டற்ற மென்பொருளின் 'இங்க்கவ்' வசதி, பக்கந்தோறும் நான்கு மைகளின் பரப்பை நான்கு எண்களாகத் தரும். கறுப்பு மட்டுமே உள்ள நூலில் முதல் மூன்று எண்களும் பூச்சியமாக இருத்தல் வேண்டும். ஒரு பக்கத்தில் பூச்சியம் அல்லாத எண் தோன்றினாலும் அப்பக்கத்தைத் திறந்து பார்ப்பது தகும். குறைந்த படிகளை டிஜிட்டல் பொறியில் எடுப்போருக்கு இச்சோதனை நேரடியாகப் பணத்தையே மிச்சப்படுத்தும். வண்ணப் பக்கத்திற்கும் கறுப்புப் பக்கத்திற்கும் கட்டணம் வேறு. கலந்த கறுப்பில் அமைந்த பக்கம், கண்ணுக்குக் கறுப்பாகவே தோன்றினாலும், பொறியின் கணக்கில் வண்ணப் பக்கமாகவே ஏறிவிடலாம்.