எச்.ஐ.வி.: எதிர்ப்பொருள் இருந்தும் தப்புவது எப்படி?

மாணவர்களே, தட்டம்மைத் தடுப்பூசி போட்டவரின் இரத்தத்தில் அந்நோய்க்கான எதிர்ப்பொருள் இருந்தால், 'இவருக்குப் பாதுகாப்பு உண்டு' என்கிறோம். எச்.ஐ.வி. பரிசோதனையில் எதிர்ப்பொருள் உறுதியானால், 'இவருக்குத் தொற்று உண்டு' என்கிறோம். இரண்டும் எதிர்ப்பொருள்தான். அங்கே காப்பது இங்கே ஏன் காக்கவில்லை?

எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, கவட்டைபோல் இரு கைகள் கொண்ட புரதம். வைரஸின் மேலுள்ள முட்களைப் பிடித்து, அது உயிரணுவுக்குள் நுழையாமல் தடுப்பதே அதன் முக்கிய வேலை. தட்டம்மை வைரஸின் முட்கள் அவ்வளவாக மாறுவதில்லை. எச்.ஐ.வி. அப்படியன்று. அது மூன்று வழிகளில் தப்புகிறது.

1. குறைந்த முட்கள்: இன்ஃபுளூவென்சா வைரஸில் நூற்றுக்கணக்கான முட்கள் உண்டு, எச்.ஐ.வி.யில் ஏறக்குறைய 14 மட்டுமே. அவை தள்ளித் தள்ளி இருப்பதால், எதிர்ப்பொருளின் இரு கைகளும் ஒருசேரப் பிடிப்பது கடினம். பிடி தளர்கிறது.

2. சர்க்கரைப் போர்வை: முள்ளின் வெளிப்புறத்தில் உள்ள ஜிபி120 என்ற புரதத்தின் எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. அதை ஒட்டித் தருவது நம் உயிரணுவே! எனவே உடல் அதை எளிதில் அந்நியமாகக் கருதுவதில்லை.

3. ஓயாத மாற்றம்: வைரஸின் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கும் நொதி, தன் பிழைகளைத் திருத்துவதில்லை. சிகிச்சை பெறாதவரின் உடலில் நாளொன்றுக்குச் சுமார் 10 பில்லியன் புதிய வைரஸ்கள் உருவாகின்றன. அவற்றுள் முள் சற்றே மாறியவை தப்பிப் பெருகுகின்றன. 2003-இல் வெளிவந்த ஆய்வுகள் இதைக் காட்டின: ஒருவரின் எதிர்ப்பொருள் சில மாதங்களுக்கு முந்தைய வைரஸை முடக்கியது, அன்றைய வைரஸை முடக்கவில்லை. உடல் பூட்டுக்குச் சாவி செய்து முடிப்பதற்குள் பூட்டே மாறிவிடுகிறது.

பிழை மட்டுமல்ல, கலப்பும் மாற்றம் தருகிறது. இரு வகை எச்.ஐ.வி. ஒரே உயிரணுவில் நுழைந்தால், அவற்றின் மரபணுப் பகுதிகள் கலந்து புது வகை பிறக்கலாம். இது நம் ஊரிலேயே நடந்துள்ளது. கோலாலம்பூரில் பரவியிருந்த அத்தகைய கலப்பு வகை ஒன்றை மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜப்பானிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து கண்டறிந்து, 2006-இல் அறிவித்தனர். அதன் பெயர் சி.ஆர்.எஃப்.33_01பி.

இதனால்தான் எச்.ஐ.வி.க்குத் தடுப்பூசி இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் மருந்து உண்டு. அது முள்ளை நம்பியிராமல், பெரும்பாலும் வைரஸின் நொதிகளைத் தடுக்கிறது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதால், வைரஸ் ஒரே சமயத்தில் பல இடங்களில் மாறினால்தான் தப்ப முடியும். அது மிக அரிது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடாக 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவை அங்கீகரித்தது. கர்ப்பிணிகளுக்கான பரிசோதனையும் இம்மருந்துகளுமே அதற்கு வழிவகுத்தன.

சிந்தித்து விடை எழுதுக: இன்ஃபுளூவென்சா தடுப்பூசியை அடிக்கடி புதுப்பிக்கிறார்கள், தட்டம்மைத் தடுப்பூசியை அப்படிச் செய்வதில்லை. ஏன்?