நட்சத்திரம் கோடாகாமல் இருக்க

ஓரியன் நெபுலாவைப் படம்பிடிக்க வேண்டுமென்பது எங்கள் அறிவியல் மன்றத்தின் நெடுநாள் ஆசை. தை மாதத்து அமாவாசை இரவில், ராஜபாளையத்தை அடுத்த தோப்பொன்றில் பெற்றோர் துணையுடன் கூடினோம். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தோழி தன் அண்ணனின் காமிராவைக் கொண்டு வந்தாள். ஓர் இரவுக்கு மட்டுமே இரவல்!

முக்காலியில் பொருத்தி, ஷட்டரை 30 விநாடி திறந்து வைத்தோம். படத்தில் நட்சத்திரங்கள் புள்ளிகளாக இல்லை. சிறு கோடுகளாக நீண்டிருந்தன! காரணம் என்ன? பூமி சுழல்வதால் வானம் 4 நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. இதற்கு எளிய கணக்கொன்று உண்டு. 500ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும். 50 மி.மீ. லென்ஸுக்கு 10 விநாடி வரும். எங்கள் காமிராவின் சென்ஸார் சிறியதாகையால் மீண்டும் 1.5ஆல் வகுத்தோம், 6 விநாடிக்குச் சற்று மேல் வந்தது. ஓரியன் வான நடுக்கோட்டருகே வேகமாக நகர்வதால் 5 விநாடியே வைத்தோம்.

லென்ஸின் துவாரம் எஃப் 2.8. ஐ.எஸ்.ஓ. 1600. இந்த எண்ணைக் கூட்டினால் புதிய ஒளி வராது. வந்த ஒளியே பெரிதாக்கப்படும். சிரியஸ் நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை வளையத்தைத் திருப்பிக் கூர்மை செய்தோம். படங்களை 'ரா' வடிவில் சேமித்தோம்.

நூறு படங்கள் எடுக்க எண்ணினோம். 64 முடிந்ததும் மேற்கு மலையிலிருந்து மேகம் கவிந்தது. முதலில் வீணாக்கிய ஒரு மணி நேரத்தை எண்ணி வருந்தினோம். ஆயினும் சோர்ந்துவிடவில்லை. லென்ஸை மூடி, அதே அளவுகளில் 20 கருப்புப் படங்கள் எடுத்தோம். காமிராவின் சொந்தக் குறைகளைக் கழிக்க அவை உதவும். அதற்கு வானம் தேவையில்லையே!

மறுநாள் கணினியில் 64 படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி கண்டோம். 64இன் வர்க்கமூலம் 8. இரைச்சல் புள்ளிகள் எட்டில் ஒரு பங்காயின. நடுவே இளஞ்சிவப்பாக ஒரு சிறு கறை தெரிந்தது. ஏறத்தாழ 1,300 ஒளியாண்டு கடந்து, பல்லவர் காலத்தில் புறப்பட்டு வந்த ஒளி அது!

ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் 1986இல் திறக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் விட்டமுடையது. அது வானத்தோடு மெல்லத் திரும்பி நெடுநேரம் ஒளி சேர்க்கிறது. அசையாத முக்காலியுடைய நாமோ சிறுகச் சிறுகச் சேர்க்கிறோம்.

தோழியரே, கணக்கை வீட்டிலேயே போட்டுவிட்டுப் புறப்படுங்கள். மேகம் நமக்காகக் காத்திராது!