எட்டும் தொலைவு

நுழையும்முன்

கடலில் துயருற்றவரைத் தேடிச் செல்லும் உலங்கூர்தி எவ்வளவு தொலைவு செல்லும்? அந்த எல்லையை வகுப்பது எது? பறக்கும்போதே எரிபொருள் நிரப்பும் நுட்பத்தையும், அந்நுட்பம் இல்லாத கடற்கரையில் அவ்வெல்லை எவ்வாறு விரிகிறது என்பதையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் பழவேற்காடு ஏரி விரிந்து கிடக்கிறது. ஏரியில் இறாலும் நண்டும் பிடிப்போர் ஒருபுறம் இருக்க, கூனங்குப்பம், அரங்கங்குப்பம் முதலிய ஊர்களிலிருந்து மோட்டார் படகுகளில் கடலுக்குள் செல்வோரும் பலர். அவர்கள் எரிபொருளைப் போக்குக்கு, வரவுக்கு, எதிர்பாராமைக்கு எனப் பங்கிட்டே படகில் ஏற்றுவர். வாடைக்காற்று வலுக்கும் மாதங்களில் மூன்றாம் பங்கு பெருகும். எண்ணெய் தீர்ந்து நிற்கும் படகை இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வருவது கடலோரத்தில் எழுதாச் சட்டம்.

ஹெலிகாப்டர் எனப்படும் உலங்கூர்திக்கும் இதே கணக்குத்தான். ஆயின் அதற்குக் கயிறு கட்டி இழுக்கும் துணை இல்லை. மேலும், பறவைபோல் இறக்கையை விரித்து மிதக்கவும் அதனால் இயலாது. ஓரிடத்தில் அசையாது நிற்பதற்கே அது எரிபொருளை மிகுதியாகச் செலவிட வேண்டும். அலைமேல் தத்தளிக்கும் ஒருவரைக் கயிற்றால் தூக்கும்போது அது செய்வது அந்த அசையா நிலைப் பறத்தலைத்தான்.

இக்குறையை நீக்க எழுந்ததே வானில் எரிபொருள் நிரப்பும் முறை. 1923ஆம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்கத் தரைப்படையின் விமானம் ஒன்று மேலே பறந்த மற்றொன்றிலிருந்து தொங்கிய குழாய் வழியாக எரிபொருளைப் பெற்றது. விமானங்களுக்கு இம்முறை வழக்கமாகிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் உலங்கூர்திக்கு அது கைகூடவில்லை. 1966இல்தான் ஹெச்ஹெச்-3இ என்னும் மீட்பு உலங்கூர்தி, ஹெச்சி-130பி என்னும் எரிபொருள் விமானத்திலிருந்து பறந்தபடியே எரிபொருளை வாங்கியது. மறு ஆண்டு, 1967 மே 31 அன்று நியூயார்க்கில் புறப்பட்ட இரண்டு ஹெச்ஹெச்-3இ ஊர்திகள், ஒவ்வொன்றும் ஒன்பது முறை வானில் எரிபொருள் பெற்று, அட்லாண்டிக் பெருங்கடலை எங்கும் இறங்காமல் கடந்து, ஏறத்தாழ 31 மணி நேரத்தில் பாரிசை அடைந்தன.

தாமதத்திற்குக் காரணம் வேகமே. விமானம் மிக மெதுவாகப் பறந்தால் இறக்கையின் தாங்குவிசை குன்றி வீழும். உலங்கூர்தியோ மிக விரைவாகப் பறக்க இயலாதது. ஒன்றின் கீழெல்லையும் மற்றொன்றின் மேலெல்லையும் சந்திக்கும் குறுகிய இடைவெளி, மணிக்கு ஏறத்தாழ 200 கி.மீ. என்னும் அளவில் அமைகிறது. சுழல்விசிறி பூண்ட விமானம் தன் இறக்கைப் பலகைகளைத் தாழ்த்தி அவ்வேகத்திற்கு இறங்கி வரும். அதன் இறக்கையிலிருந்து நீளும் குழாயின் நுனியில் கூடை போன்ற ஓர் உறுப்பு இருக்கும். காற்றில் விரிந்து குழாயை நிலைநிறுத்துவது இக்கூடையே. மெதுவாகப் பறக்கும்போது காற்றின் விசை குறைவாதலால், உலங்கூர்திக்கான கூடை பிறவற்றினும் அகலமானது. உலங்கூர்தியின் முன்புறத்தில் நீட்டுக்குழல் ஒன்று உண்டு. தலைக்குமேல் சுழலும் இறகுகளின் வட்டத்தையும் தாண்டி அது நீளவேண்டும். ஓட்டுநர் பின்னிருந்து மெல்ல முன்னேறி, ஆடும் கூடைக்குள் அக்குழலைச் செலுத்துவார். கூடை சற்றே எகிறினால் சுழலும் இறகுகள் குழாயையோ குழலையோ வெட்டிவிடும். சந்தை நெரிசலில் ஊசியில் நூல் கோப்பதைவிட இது கடினம் என்று சொன்னால் மிகையன்று.

கடல் கொந்தளிக்கும்போது என்ன நேரும்? 1991 அக்டோபர் 30 இரவு அதற்கு விடை சொன்னது. அட்லாண்டிக் புயலில் சிக்கிய பாய்மரப் படகோட்டி ஒருவரைக் காக்கச் சென்ற நியூயார்க் வான்படைப் பிரிவின் உலங்கூர்தி, அவரைத் தூக்க இயலாமல் திரும்பியது. எரிபொருள் விமானம் அருகிலேயே பறந்தது. ஆயினும் காற்றின் அலைக்கழிப்பில், பலமுறை முயன்றும் குழல் கூடையில் பொருந்தவில்லை. ஊர்தியைக் கடலில் இறக்க நேர்ந்தது. அதிலிருந்த ஐவருள் நால்வரை டமரோவா என்னும் கடலோரக் காவல் கப்பல் மீட்டது, ஒருவர் கிடைக்கவில்லை. வேண்டிய எரிபொருள் கண்ணெதிரே இருந்தது, கைக்கு எட்டவில்லை.

இந்திய வான்படையில் 2003 முதல் ஐஎல்-78 எரிபொருள் விமானங்கள் பணியாற்றுகின்றன. போர் விமானங்களுக்கு அவை எரிபொருள் தருகின்றன. ஆனால் அவை மணிக்கு 400 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் அப்பணியைச் செய்பவை. உலங்கூர்தி எதுவும் அவற்றைப் பின்தொடர இயலாது. எனவே நம் கரையில் புறப்படும் மீட்பு உலங்கூர்தி, தன் தொட்டியில் உள்ளதையும் கப்பலின் தளத்தையுமே நம்புகிறது. கடலோரக் காவல்படையின் பெரிய சுற்றுக்காவல் கப்பல்களில் உலங்கூர்தி இறங்கலாம். தளம் சிறிதாயின், கப்பலின் மேல் நின்றபடி கயிற்றால் குழாயைத் தூக்கி எரிபொருள் பெறும் முறையும் உலகக் கடற்படைகளில் உண்டு. 2022இல் சென்னையில் கடலோரக் காவல்படையின் 840ஆம் அணி, துருவ் மூன்றாம் வகை உலங்கூர்திகளுடன் அமைக்கப்பட்டது. பழவேற்காட்டுக் கடற்பரப்பு அதற்கு அண்மையிலேயே உள்ளது.

இனி ஒரு கணக்கு. நான்கு மணி நேரம் பறக்கவல்ல உலங்கூர்தி மணிக்கு 200 கி.மீ. செல்வதாகக் கொள்வோம். அரை மணி நேர எரிபொருளைக் காப்பாக வைக்க வேண்டும். ஆளைத் தூக்க அரை மணி ஆகும். தேட அரை மணி ஆனால், எஞ்சுவது இரண்டரை மணி. அதில் பாதி போக, பாதி வர. ஆக 250 கி.மீ. வரை செல்லலாம். தேடலுக்கு ஒன்றரை மணி ஆனாலோ, 150 கி.மீ. தான். தேடலில் கழியும் ஒவ்வொரு மணியும் எட்டும் தொலைவில் 100 கி.மீ.யை விழுங்கிவிடுகிறது! இடம் தெரிந்திருப்பது, தொட்டியை நிரப்புவதற்கு நிகரான உதவி என்பது இதனால் விளங்கும்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலிலும் கேரளக் கடலிலும் மீனவர்களைச் சிதறடித்தபோது இவ்வுண்மை கசப்பாக வெளிப்பட்டது. நாள்கணக்கில் தங்கி மீன்பிடிக்கும் படகுகள் எங்கே உள்ளன என்பதைக் கரையில் எவராலும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. இன்னும் ஆழ்கடலுக்குச் சென்று தேடுங்கள் எனக் குடும்பத்தினர் மன்றாடினர். கடலறிந்த மீனவர்களே தேடும் கப்பல்களில் ஏறி வழிகாட்டினர்.

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவூர்திகள் எழும் நாள்களில், பழவேற்காட்டு மீனவர் கடலுக்குச் செல்லத் தடை விதிக்கப்படுகிறது. அந்நாளின் வருவாயை அவர்கள் இழக்கின்றனர். அதே விண்வெளி நிறுவனம் மீனவருக்கெனத் துயர்க்குறி அனுப்பும் கருவியை உருவாக்கியுள்ளது. பொத்தானை அழுத்தினால் படகின் இருப்பிடம் செயற்கைக்கோள் வழியாகக் கரையிலுள்ள மீட்பு மையத்தை அடையும். அதன் இரண்டாம் தலைமுறைக் கருவி, குறி கிடைத்தது என்னும் மறுமொழியையும் படகுக்குத் தருகிறது. நீரில் காத்திருப்பவருக்கு அம்மறுமொழி எத்தகைய ஊக்கமாகும்! இக்கருவி பெரிய விசைப்படகுகளோடு நின்றுவிடாமல் சிறு படகுக்கும் எட்டவேண்டும் என்பதே கடலோரத்தார் கேட்பது.

கற்பவை கற்றபின்

மேற்கண்ட கணக்கில், உலங்கூர்தி செல்லும்போது மணிக்கு 40 கி.மீ. எதிர்காற்றும் திரும்பும்போது அதே அளவு பின்காற்றும் வீசுவதாகக் கொண்டு, எட்டும் தொலைவைக் கணக்கிட்டு வகுப்பில் விளக்குக.

உங்கள் ஊரிலோ அண்மையிலோ உள்ள மீனவர் ஒருவரைச் சந்தித்து, படகில் எரிபொருளை எவ்வாறு பங்கிடுகிறார் எனக் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.