மீன்பறி: ஒரு சீன எழுத்தின் பொருளும் வழக்கும்

சீன மொழியில் மீன் பிடிக்கும் மூங்கிற் பறியைக் குறிக்க ஓர் எழுத்து உண்டு. அதன் ஒலி ‘சுவான்’ என்பது. எழுத்தின் தலையில் மூங்கிலைக் குறிக்கும் உறுப்பு நின்று பொருளைச் சுட்டும். அடியில் நிற்பது ‘முழுமை’ எனப் பொருள்படும் எழுத்தாயினும், இங்கு ஒலியை உணர்த்தவே வந்தது.

இச்சிறு கருவி பௌத்த ஆசாரியரின் உவமையான வரலாறு நாம் அறியத்தக்கது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டினரான சுவாங்சியின் பெயரால் வழங்கும் நூலில், 26-ஆம் இயலில், இவ்வெழுத்துக்குரிய புகழ்பெற்ற உவமை உளது. பறி மீனின் பொருட்டு. கண்ணி முயலின் பொருட்டு. சொல் கருத்தின் பொருட்டு. கருத்தைப் பெற்றவன் சொல்லை மறக்கலாம் என்பது அதன் சாரம். பின்னாளில் பறி, கண்ணி என்னும் இரண்டெழுத்தும் இணைந்து, ‘நோக்கத்தை அடைவிக்கும் கருவி’ என்னும் பொருளில் வழங்கலாயின.

சுவாங்சி பௌத்தர் அல்லர். எனினும், குமாரசீவரிடம் பயின்று 434-இல் மறைந்த பிக்கு தாவோ செங் இவ்வுவமையை எடுத்தாண்டார். பலர் சூத்திரங்களின் எழுத்தையே பற்றிக்கொண்டு முழுப்பொருளைக் காணாதிருந்தனர். பறியை மறந்து மீனைக் கொள்வாரோடுதான் நெறியைக் குறித்துப் பேசவியலும் என்பது அவர் கருத்து.

அக்கருத்துக்கு அவர் விலையும் கொடுத்தார். பாஹியான் இந்தியாவினின்று கொணர்ந்து, 418-இல் மொழிபெயர்த்து முடிக்கப்பெற்ற நிர்வாண சூத்திரம், நன்மையின் வேரற்றவர் எனப்பட்ட ‘இச்சாந்திகரை’ விலக்கியே பேசிற்று. தாவோ செங்கோ, அவர்க்கும் புத்தத்தன்மை உண்டென்றார். எழுத்துக்கு மாறாகப் பேசினார் என்று தலைநகரச் சங்கத்தார் அவரை வெளியேற்றினர். 430-இல் தருமட்சேமரின் விரிந்த மொழிபெயர்ப்பு அந்நகரை அடைந்தது. அவர் கூற்று அதில் எழுத்தாகவே இருந்தது! தகுதியற்றவர் எனத் தள்ளப்படுதல் யாதென்று அறிந்த நாம், இவ்வரலாற்றை எளிதிற் கடந்து செல்லோம்.

அங்ஙனமாயின் பறியை இப்பொழுதே எறிந்துவிடலாமோ? ஆகாது. மீன் அகப்படுமுன் பறியை எறிந்தவன் வெறுங்கையனாவான். மஜ்ஜிம நிகாயத்து 22-ஆம் சூத்திரத்தில் பகவான் தெப்பத்தை உவமித்தார். கரையேறியவன் அதைத் தலைமேற் சுமந்து திரிய வேண்டுவதில்லை. ஆற்றின் நடுவிலிருப்பவனுக்கோ அதுவே துணை.

மற்றொரு வழக்கும் உண்டு. ‘மீன் பெற்றுப் பறி மறத்தல்’ என்னும் நான்கெழுத்துத் தொடர், சீனத்தில் நன்றி மறந்தாரை இகழவும் ஆளப்படுகிறது. ஒரே தொடர் ஞானியையும் குறிக்கும். நன்றி கொன்றானையும் குறிக்கும்.

ஆதலின், பஞ்சசீலத்தைப் பாலியில் ஓதும் அன்பர்கள் அதன் பொருளைத் தமிழில் வினவி அறிவார்களாக. பொருள் அறிந்தவர்கள், தமக்கு ஓதக் கற்பித்தவரை மறவாதிருப்பார்களாக.